போனுக்குள்ள கிடக்கிற ஊர்

நம்மட வீடுகளில் அல்பம் போடுகிற பழக்கம் நின்று கன காலம். கடைசி அல்பம் யாரோ ஒரு ராத்தாட கலியாணத்துக்குப் போட்டதாக இருக்கும். அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், கட்டின வீடுகள், பெருநாள் தொழுகை, வெள்ளாமை வெட்டு, மௌத்தான பெரியவர்களின் கடைசிச் சிரிப்பு எல்லாமே போனுக்குள்ளதான் கிடக்கு. அந்தப் போன் ஒருநாள் தண்ணியில் விழும். இல்லாட்டி 'இடம் போதாது' என்று ஓர் அறிவிப்பு வரும். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டே ஐநூறு படத்தை ஒரே தட்டில் அழித்துவிட்டுப் போவோம்.

அதே வீட்டில் காணி உறுதி எப்படி இருக்கு என்று பாருங்கள். பொலித்தீன் உறைக்குள் போட்டு, அலுமாரிக்குள் பூட்டி, இரண்டு போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றை மூத்த மகன்ட வீட்டில் கொடுத்து வைத்திருப்பார்கள். மண்ணுக்குக் காட்டுகிற இந்தக் கவனத்தில் கால்வாசியை நம்மட முகங்களுக்கும் குரல்களுக்கும் காட்டவேணும் என்பதுதான் எங்கட கருத்து. போனில் இருக்கிறதைக் கொம்பியூட்டருக்கு மாற்றி, பேர் போட்டு, அடுக்கி வைப்பதைக் 'கொம்பியூட்டர் தெரிந்த பொடியன்ட வேலை' என்று தள்ளிவிடக் கூடாது. இது ஒரு குடும்பக் கடமை. இந்தத் தலைமுறையில் அதைச் செய்யக்கூடியவர்கள் நாங்கள்தான்.

இழப்பு என்றால் என்ன என்று இந்த நாட்டுத் தமிழ் பேசும் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாகின. வேறெங்கும் படி இல்லாதவை அதோடு முடிந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நம்மட அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். வரிப்பத்தான்சேனை உள்ளுக்குள்ள இருக்கிற ஊர். கடல் இஞ்ச வரல்ல. ஆனால் சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைக் கரையில் வீடுகளோடு அல்பங்களும் போயின. பிறகு மௌத்தான பிள்ளையின் படம் ஒன்று கையில் கிடைத்ததென்றால், அது வேறு ஊரில் இருந்த மாமியின் அல்பத்தில் இருந்தோ, வெளிநாட்டில் இருந்த காக்காவின் பேர்ஸுக்குள் இருந்தோ வந்ததுதான்.

இந்த இரண்டு சம்பவமும் சொல்லுவது ஒன்றைத்தான். இன்னொரு படி, இன்னொரு இடத்தில் இருந்தால் மட்டும்தான் மிஞ்சும். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதையே 3-2-1 என்று ஒரு கணக்காகச் சொன்னார்: மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். உறுதிக்குக் கொப்பி எடுத்து மகன்ட வீட்டில் வைத்த வாப்பாமாருக்கு இந்தக் கணக்கு முன்னமே தெரியும்.

"எல்லாம் வட்ஸ்அப்பில் இருக்குத்தானே" என்று சொல்பவர்கள் உண்டு. வட்ஸ்அப்பில் இருப்பது என்னவென்று ஒருக்கா பார்ப்போம். சாதாரணமாக அனுப்புகிற படத்தை அது சுருக்கித்தான் அனுப்பும். படம் எடுத்த நேரம், இடம், எந்தக் கெமரா என்று கோப்புக்குள் இருந்த விவரங்களையும் கழற்றிவிடும். வந்து சேர்கிற கோப்பின் பெயர் 'ஐஎம்ஜி' என்று தொடங்கும். பிறகு ஒரு திகதி, பிறகு 'டபிள்யூஏ', பிறகு நாலு இலக்கம். அந்தத் திகதி படம் எடுத்த நாளைச் சொல்லாது. அது உங்கட போனுக்கு வந்த நாள். 1985இல் எடுத்த மூத்தாப்பாட படத்தை உங்கட மச்சான் நேற்று அனுப்பினால், கோப்பின் பெயரில் நேற்றைய திகதிதான் இருக்கும். இன்னும் இருபது வருடத்தில் அதைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தப் பெயரால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு நம்மட காலத்திலேயே உதாரணம் இருக்கு. 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. சனங்கள் வெள்ளைச் சீலை கட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்பதற்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது.

அந்த மாதங்களின் சாட்சி எங்க இருக்கு? கொஞ்சம் பத்திரிகைகளில் இருக்கு. மற்றதெல்லாம் சனங்களின் போன்களில், அழுதுகொண்டு அனுப்பிய வொய்ஸ்களாகவும் நடுங்குகிற கையால் எடுத்த வீடியோக்களாகவும் இருக்கு. பத்துக் குறூப் தாண்டி வந்த வீடியோவுக்கு எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று ஒன்றும் தெரியாது. நாளைக்கு ஒருவர் "இது வேறு நாட்டு வீடியோ" என்று சொன்னால் எதைக் காட்டி மறுப்போம்? எடுத்தவரின் போனில் இருக்கிற மூலக் கோப்புத்தான் பெறுமதியானது. அந்தப் போன்களில் கனக்க இந்நேரம் மாறியிருக்கும், உடைந்திருக்கும், விற்கப்பட்டிருக்கும்.

"கூகுள் பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த பதில். கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 உடன் நின்றது. இப்போது ஜிமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கு. மௌத்தான ஒருவரின் கணக்கை யார் திறப்பது? பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்? ஒருகாலத்தில் உலகத்துப் பாட்டுக்காரர்கள் எல்லாம் கூடியிருந்த மைஸ்பேஸ், 2019இல் ஒரு செய்தி சொன்னது: சேவர் மாற்றும்போது பழைய பாட்டுகள், படங்கள், வீடியோக்கள் தொலைந்துபோயின. அவ்வளவு பெரிய நிறுவனமே கோப்புகளை இடம் மாற்றுகிற நேரத்தில்தான் தொலைத்தது. கூகுளில் ஒரு படி இருக்கட்டும், அது நல்லதுதான். அது மட்டுமே படியாக இருக்கக் கூடாது.

சரி, எப்படிச் செய்வது? இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

டேட்டா கேபிள் ஒன்று வேணும். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் போடும். அதனால் 'கொம்பியூட்டரில் போன் காட்டுதில்ல' என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அன்ட்ரொய்ட் போனைக் குத்தியதும் திரையில் வருகிற அறிவிப்பைத் திறந்து, 'சார்ஜ் மட்டும்' என்பதைக் 'கோப்பு மாற்றம்' என்று மாற்றவேணும். ஐபோன் என்றால் 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று கேட்கும், சம்மதம் கொடுக்கவேணும். கெமராவில் எடுத்தவை 'டிசிஐஎம்' என்ற போல்டரில் இருக்கும். வட்ஸ்அப்பில் வந்தவை, இப்போதைய அன்ட்ரொய்ட் போன்களில், 'அன்ட்ரொய்ட்' போல்டருக்குள் 'மீடியா' என்பதற்குள் இருக்கும். கனபேர் தேடிக் களைத்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

வொய்ஸ்களுக்குத் தனிப் போல்டர் உண்டு. அதற்குள் '202034' மாதிரி இலக்கங்கள் இருக்கும். 2020ஆம் வருடத்தின் 34ஆவது கிழமை என்று அர்த்தம். கொம்பியூட்டரில் அவை திறக்காவிட்டால் விஎல்சி பிளேயரில் திறக்கும். மூத்தம்மாட குரல் வேணும் என்றால் அங்கதான் தேடவேணும். அந்தக் குரல் 'எப்ப மகன் வருவா' என்று ஆறு செக்கனில் முடிந்திருந்தாலும் அதை எடுத்து வையுங்கள். முந்தி கட்டாருக்கும் சவூதிக்கும் கசெட்டில் குரல் பதிந்து அனுப்பின காலம் ஒன்று இருந்தது. அந்தக் கசெட்டுகளுக்கு மேலே பாட்டுப் பதிந்து அழித்த வீடுகள் எத்தனையோ. வொய்ஸ்களுக்கும் அதே கதி வரவேண்டியதில்லை.

மாற்றும்போது 'கட்' பண்ணாதீர்கள், 'கொப்பி' பண்ணுங்கள். கேபிள் நடுவில் கழன்றால் 'கட்' பண்ணியது இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். ஆயிரக்கணக்கான படத்தை ஒரேயடியாக இழுக்காமல் மாதம் மாதமாக எடுங்கள். இரண்டு பக்கத்திலும் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, நாலைந்தைத் திறந்து பார்த்து, இன்னொரு இடத்திலும் படி எடுத்த பிறகுதான் போனில் அழிக்கவேணும்.

அடுக்குவதற்கு வருடத்துக்கு ஒரு போல்டர், அதற்குள் நிகழ்வுக்கு ஒரு போல்டர் போதும். பெயரில் முதலில் வருடம், மாதம், நாள், பிறகு இடம், பிறகு என்ன நிகழ்வு. '2023-04-22 வரிப்பத்தான்சேனை நோன்புப் பெருநாள்' என்று எழுதினால் கொம்பியூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கும். படத்தில் இருப்பவர்களின் பெயர், முறை, யார் எடுத்தது என்பதை அதே போல்டரில் ஒரு எழுத்துக் கோப்பாகத் தமிழில் எழுதிப் போடுங்கள். இதுக்குப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேணும். பழைய படத்தில் நிற்கிற அஞ்சு பேரில் மூன்று பேரை உம்மாவுக்குத் தெரியும், மற்ற இரண்டு பேரை மூத்தம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மூத்தம்மாக்கள் இருக்கும்போதே கேட்டுவிடவேணும்.

பிறகு அந்தப் போல்டரை ஒரு ஹாட் டிஸ்க்கிலும் போட்டு, இன்னொரு படியை வேறு ஊரில் இருக்கிற ஒரு சொந்தக்காரரிடம் கொடுங்கள். பென் டிரைவ், மெமரி சிப் எல்லாம் கொண்டுபோக நல்லது; வருடக்கணக்காக லாச்சிக்குள் போட்டு நம்பியிருக்க நல்லதில்லை. யாருக்காவது மூலப் படம் அனுப்பவேணும் என்றால் வட்ஸ்அப்பில் 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காமல் போகும்.

இன்னொரு விசயத்தைப் பேசாமல் இதை முடிக்க ஏலாது. நம்மட ஊர்களில் இந்த வேலையை அதிகமாகச் செய்து கொடுப்பது கடைகள்தான். போனையும் லொக் நம்பரையும் கொடுத்துவிட்டுப் பின்னேரம் போய் எடுக்கிற பழக்கம். அந்த இடைவெளியில் யார் எதைப் பார்த்தார்கள், எதைப் படி எடுத்தார்கள் என்று தெரியாது. கடைக்காரர் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பெண்களின் படங்கள் வெளியே போய்விடும் என்ற பயத்தில், கடைக்குக் கொடுக்க முன்னம் எல்லாவற்றையும் அழித்துவிடுகிற தங்கச்சிமார் எத்தனை பேர்? அவர்களின் பள்ளிக்கூட நாட்கள், சினேகிதிகள், மேடையில் பேசின வீடியோக்கள் எல்லாம் பயத்தோடு சேர்ந்து அழிகின்றன. ஒரு ஊரின் ஞாபகத்தில் பெண்களின் பக்கம் மட்டும் வெறுமையாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் இந்த வேலையைத் தம்பிமாருக்குச் சொல்லிக்கொடுக்க முன்னம் தங்கச்சிமாருக்குச் சொல்லிக்கொடுங்கள். தன் போனைத் தானே காலி பண்ணத் தெரிந்த ஒருத்தி யாரிடமும் லொக் நம்பர் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும் வைத்திருக்கவும் தேவையில்லை. 'காலை வணக்கம்' ரோஜாப் பூக்கள், ஒரே காட்சியின் பதினெட்டுப் படங்கள், யாரோ அனுப்பிய மருத்துவ வதந்திகள் போகட்டும். மற்றவர்களின் மானம் சம்பந்தப்பட்டதையும் சேர்த்து வைக்காதீர்கள். மிஞ்சுவதில் ஊருக்குப் பொதுவான சிலது இருக்கும்: பொல்லடி, களத்து மேட்டில் பெரியவர்கள் பேசுகிற சொற்கள், பெண்கள் சொன்ன கவிகள், பழைய பள்ளிவாசல் கட்டடம், மருதமுனைத் தறிச் சத்தம். அப்படியானவற்றை, உரியவர்களின் சம்மதத்தோடு, நூலக நிறுவனம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம். 2005இல் ஒரு சிலரின் தன்னார்வ உழைப்பால் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்துத் தமிழ் ஆவணங்களின் பெரிய எண்ணிமக் களஞ்சியம். முஸ்லிம்களின் ஆவணங்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் பெயரும் திகதியும் இடமும் இல்லாத கோப்பை வைத்து அவர்களாலும் ஒன்றும் செய்ய ஏலாது. அந்த மூன்றையும் எழுதக்கூடியவர்கள் நம்மட வீடுகளில் இருக்கிறவர்கள் மட்டும்தான்.

வருகிற லீவில் ஒரு வீட்டுக்கு ஒருவர், ஒரு கேபிளோடு, ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் போதும். முதலில் மூத்தம்மாட போனில் இருந்து தொடங்குங்கள்.