நாடோடியாக வாழ நிரந்தர முகவரி கட்டாயம்

பழைய ஆம்னி வேன், இல்லாவிட்டால் பழைய டெம்போ டிராவலர். பின் சீட்டைக் கழற்று, ப்ளைவுட்டில் ஒரு கட்டில் அடி, கூரைமேல் ஒரு சோலார் தகடு, ஜன்னலில் மஞ்சள் விளக்குச் சரம். பின்னணியில் ஒரு குரல்: "வாடகை இல்லை, இ.எம்.ஐ. இல்லை, முகவரி இல்லை. இதுதான் சுதந்திரம்." இந்த ரீல் உங்கள் போனிலும் வந்திருக்கும். எங்கள் உத்திரமேரூர்ப் பையன்கள் போனிலும் வருகிறது.

இது பொய் என்கிறேன். முகவரி இல்லாத வாழ்க்கையை விற்கிற எல்லோரிடமும் ஒரு முகவரி இருக்கிறது. உண்மையிலேயே முகவரி இல்லாதவர்கள் யாரும் ரீல் போடுவதில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வண்டியைப் பதிவு செய்ய உங்களுக்கு ஒரு வசிப்பிடமோ தொழில் செய்யும் இடமோ இருக்க வேண்டும். வண்டி வழக்கமாக நிற்கும் இடமும் அதுதான். 49ஆவது பிரிவுப்படி, வீடு மாறினால் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். அதாவது, சக்கரம் வைத்த வீடு வாங்கவும் சக்கரம் இல்லாத வீடு ஒன்று முதலில் வேண்டும். இந்த வரியை எந்த ரீலும் சொல்வதில்லை.

அடுத்தது 52ஆவது பிரிவு. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விதிப்படி கட்டி, ஆர்.சி.யிலேயே கேரவன் என்று பதிவான வண்டிகள் உண்டு. அவை வேறு கதை. அவற்றின் விலையும் வேறு கதை.

போன வருடம் தெருப் பையன் ஒருவன் இப்படி ஒரு வண்டியைப் பார்க்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். ஏற்கெனவே "கேரவனாக" மாற்றிய பழைய வேன். மூன்றரை லட்சம். உள்ளே அடுப்பு, சிங்க், கட்டில் எல்லாம் இருந்தது. ஆர்.சி.யிலோ அது இன்னும் 12 சீட் வாடகை வேன். நாளைக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் கட்டிலையா பார்ப்பான்? ஆர்.சி.யைத்தான் பார்ப்பான். கட்டிலுக்கு அடியில் ப்ளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போனது. கூரை ஒழுகியிருக்கிறது. டார்ச் அடித்துக் கீழே பார்த்தால் சேசிஸில் துருவுக்கு மேல் புதுக் கறுப்பு பெயின்ட். டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கம் வேறு சொன்னது. முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். அந்த டயருக்கு வயது ஒன்பது.

"அண்ணே, வீடு கட்டினா முப்பது லட்சம். இது மூணரைதான்" என்றான்.

"சரி தம்பி, ஊர் சுத்தாத நாள்ல வண்டிய எங்க நிறுத்துவ?"

"எங்க வீட்டுத் தோட்டத்துலதான்."

விஷயம் அவ்வளவுதான். அப்பாவின் பட்டா நிலம் பின்னால் நிற்கிற தைரியத்துக்குப் பெயர் நாடோடி வாழ்க்கை.

நிலமும் வீடும் இருந்தால்தான் மனிதனைக் கணக்கில் எடுப்பது என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. குடவோலைக் கல்வெட்டு என்று பெருமையாகச் சொல்கிறோமே, பராந்தக சோழன் காலத்தில், 921இல் வெட்டியது, அதில் வாரியத்துக்கு நிற்பவனின் தகுதி என்ன? வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில். ஜனநாயகம் என்று நாம் கொண்டாடும் கல்லிலேயே வீடில்லாதவனுக்கு இடமில்லை.

ஆயிரம் வருடம் கழித்து வெள்ளைக்காரன் வந்தான். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆனார்கள். 1952இல் அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது. பார்வை ஒழிந்ததா? ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆனது. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் இன்றும் வரப்போரம் தார்ப்பாய் கட்டித்தான் தூங்குகிறார்கள். பாத்திரம், அடுப்பு, பிள்ளைகள் எல்லாம் அவர்களோடு நகர்கின்றன. அதற்கு யாரும் "வேன் லைஃப்" என்று பெயர் வைக்கவில்லை.

சக்கரத்தின் மேல் தூங்குவது யாருக்குப் பெருமை என்று பாருங்கள். 1982இல் என்.டி.ஆர். ஒரு பழைய செவர்லே வேனை மாற்றிக்கட்டி ஆந்திரா முழுக்கச் சுற்றினார். அந்த வேனுக்கு சைதன்ய ரதம் என்று பெயர். நம் ஊரில் கேரவன் என்றாலே நடிகர்தான் நினைவுக்கு வருவார். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தது, வண்டிகள் நிற்கப் பூங்காக்கள் அமைக்க வழி செய்தது. நல்லது. வாத்துக்காரன் கூடாரம் நிற்க எந்த மாநிலத்தில் கொள்கை இருக்கிறது?

"அப்போ ஊர் சுத்தவே கூடாதா? இளைஞர்களின் ஆசையில் மண் போடுகிறீர்களே" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சுற்றுங்கள். பழைய வண்டியும் வாங்குங்கள். ஆர்.சி.யில் என்ன வகை வண்டி என்று போட்டிருக்கிறது, எஃப்.சி. எது வரைக்கும், கடன் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மழை நாளில் போய்ப் பாருங்கள், ஒழுகுவது தெரியும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ என்பதை மறக்காதீர்கள். வயதான சேசிஸ் அதைச் சுமக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மதியம் படுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நீங்கள் வாங்குவது ஒரு வாகனம். அதை வாகனம் என்றே சொல்லுங்கள். வீடற்ற வாழ்க்கை என்ற பெயரை அதன் வலியைத் தினம் தின்கிறவர்களிடமிருந்து பிடுங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ராத்திரி ஏதோ ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். ரோந்து வருகிறது. உங்களிடம் "எங்கிருந்து சார் வர்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். பத்தடி தள்ளி இருக்கும் தார்ப்பாய்க் குடும்பத்தை மட்டும் லத்தியால் தட்டி எழுப்புகிறார்கள். அப்போது கதவைத் திறந்து கீழே இறங்கி, "அவங்களும் என்னை மாதிரிதானே சார், ஏன் எழுப்புறீங்க?" என்று கேளுங்கள். கேட்க முடிந்தால், நாடோடி என்று சொல்லிக்கொள்ள உங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. முடியாவிட்டால் அந்த ரீலை அழித்துவிடுங்கள்.