படிக்க நேரம் கொடு!

கூலிக்கு நாற்று நட்ட தாயின் மகள், ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்த தகப்பனின் மகள், இன்று நர்ஸாகி ஆஸ்பத்திரி வார்டில் நிற்கிறாள். தோட்டை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் நம் குடும்பங்கள் படிக்க வைத்த பெண்கள் இவர்கள். பலர் படித்தது 3 ஆண்டு டிப்ளமோ. மேலே ஒரு பட்டம் பெற வேண்டுமென்று விரும்புகிறார்கள். நியாயமான விருப்பம். எம்.எஸ்ஸி. படிக்கவும், நர்சிங் கல்லூரியில் ஆசிரியை ஆகவும் பட்டம் இல்லாமல் முடியாது.

ஆனால் வேலையையும் விடாமல், குழந்தைகளையும் விடாமல் எப்படிப் படிப்பது?

இருக்கும் வழிகளைப் பார்ப்போம். பி.எஸ்ஸி. நர்சிங் 4 ஆண்டு முழுநேரப் படிப்பு. டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. 2 ஆண்டு, அதுவும் கல்லூரியில் முழுநேரம். வேலையில் இருப்பவர்களுக்கென்று இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வகுத்த போஸ்ட் பேசிக் படிப்பு 3 ஆண்டு. இதற்குப் பதிவு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும்; குறைந்தது 2 ஆண்டு அனுபவம் வேண்டும்; நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். பாடத்தை வீட்டில் படிக்கலாம். செய்முறைப் பயிற்சிக்கு நேரில் போயே தீர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "வராமலே பட்டம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நர்ஸ் தொழில் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்கும் தொழில். பணம் கட்டுமுன், அந்தப் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும், மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரமும் உண்டா என்று விசாரியுங்கள். அசல் சர்டிபிகேட்டை எந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும் ஒப்படைக்காதீர்கள். அது கையில் இல்லாவிட்டால் படிப்பில் சேர முடியாமல் போகலாம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. நேரம் கிடைக்குமா? இந்த வாரம் பகல் டூட்டி, அடுத்த வாரம் இரவு டூட்டி. மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த டூட்டியும் அவள் தலையில். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, தண்ணீர், பிள்ளை, மாமியாரின் மருந்து. இப்படிப்பட்டவளிடம், "நேரத்தைத் திட்டமிட்டால் படிக்கலாம்" என்று உபதேசம் செய்கிறார்கள். எந்தச் சாமர்த்தியசாலியாலும் நாளை 25 மணி நேரமாக்க முடியாது. குறை அவளிடம் இல்லை. அவளது நேரத்தை விழுங்கும் வேலை முறையில் இருக்கிறது.

சம்பளமோ? 2015ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஒப்பந்த நர்சுகளை எடுத்தபோது கொடுத்தது மாதம் ரூ.7,700. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடிய பிறகுதான் அது உயர்ந்தது. தனியார் ஆஸ்பத்திரி சிறியதானாலும் நர்சுக்கு மாதம் ரூ.20,000க்குக் குறையக்கூடாது என்று, சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி அமைந்த குழு 2016ல் சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் கிடந்தால் கட்டணம் கட்ட உதவுமா?

மில் தொழிலாளிக்கு இந்த நியாயம் புதிதல்ல. 8 மணி வேலை, 8 மணி ஓய்வு, மீதி 8 மணி நமக்கே என்று 1886ல் சிகாகோ தொழிலாளி தெருவில் இறங்கினான். 1923ல் சென்னையில் மே தினக் கொடியை ஏற்றினார் சிங்காரவேலர். அந்த மூன்றாவது 8 மணியைத்தான் நர்ஸ் இன்று கேட்கிறாள்.

ஆகவே நாம் கோருகிறோம்:

8 மணிக்கு மேல் டூட்டி கூடாது. டூட்டிப் பட்டியல் முன்கூட்டியே தரப்பட வேண்டும்.

படிக்கும் நர்சுக்குச் சம்பளத்துடன் பரீட்சை லீவும் பயிற்சி லீவும் வேண்டும்.

சர்க்கார் கல்லூரிகளில் வேலை பார்ப்போருக்கு ஏற்ற நேரத்தில் வகுப்புகள் வேண்டும். கட்டணத்தைச் சர்க்காரும் ஆஸ்பத்திரியும் ஏற்க வேண்டும்.

இரவு டூட்டியிலும் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் வேண்டும். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்று 2017லேயே சட்டம் திருத்தப்பட்டது.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டில் காப்பிக்குக் குரல் கொடுப்பது கம்யூனிஸ்டுக்கு அழகல்ல. மனைவி புத்தகத்தை விரிக்கும் வேளையில் சோறு வடிப்பதும், பிள்ளையைத் தூங்க வைப்பதும் உங்கள் பொறுப்பு. சர்க்காரிடம் மனுப் போடாமலே இன்றிரவே கொடுக்கக்கூடிய 2 மணி நேரம் அது.

மெஷினில் விரல் போன மில் தொழிலாளியும், வரப்பில் பாம்பு தீண்டிய விவசாயத் தொழிலாளியும் கண் திறக்கும்போது பக்கத்தில் நிற்பவள் அவள்தான். அவள் கற்பது நம் உயிருக்குக் காவல். மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் நர்சுகளின் கோரிக்கையைத் தம் கோரிக்கையாக ஏற்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். அவர்களையும் மேடைக்கு அழையுங்கள்!