ஒரு புகாருக்கே குடும்பம் உள்ளே போகிறதா?

"இப்பல்லாம் சட்டம் பொம்பளைங்க பக்கம்தான். ஒரு கம்ப்ளெய்ன்ட் போதும், மாமியார், நாத்தனார் வரைக்கும் உள்ளே." கல்யாணப் பந்தியிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் சளைக்காமல் ஓடும் பேச்சு இது.

முதலில் அந்த 'உள்ளே'யைப் பார்ப்போம். மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498-ஏ பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983-இல் வந்தது. அதன்கீழ் எடுத்த எடுப்பில் கைது கூடாது, நோட்டீஸ் கொடுத்து அழையுங்கள், கைது செய்தால் காரணத்தை எழுதிவையுங்கள் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் லலிதா குமாரி தீர்ப்பு, குடும்பத் தகராறு என்றால் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. மகளிர் காவல் நிலையத்தில் இந்த விசாரணை எப்படி நடக்கும்? புகார் கொடுத்தவள் கையில், புகார் வந்ததற்கு அத்தாட்சியாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. பிறகு கவுன்சலிங். எதிர் நாற்காலியில் அடித்தவனே உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் அவன் வீட்டுப் பெரியவர்கள். "பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா" என்பார்கள். இனி அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அன்று ராத்திரியே அவளை அவனோடு அனுப்பிவைப்பார்கள். புகார் கொடுத்தாளே என்ற அவன் கோபமும் கூடவே வீட்டுக்குப் போகும்.

"பெரும்பாலான வழக்கில் விடுதலைதானே, அப்படியென்றால் பொய்தானே?" இது அடுத்தது. பூட்டிய அறையில் விழுந்த அடிக்கு யார் சாட்சி? வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தபின், நகையைத் தருகிறோம், சம்மதத்தோடு விவாகரத்தும் தருகிறோம், வழக்கை விடு என்று பேசி முடிப்பார்கள். அவளே கூண்டேறி ஒன்றும் நடக்கவில்லை என்பாள். பந்தியில் அதற்குப் பெயர் பொய்ப் புகார். நிஜமான பொய்ப் புகார்களும் உண்டுதான். எந்தச் சட்டத்தில் இல்லை?

"எதற்கெடுத்தாலும் ஸ்டேஷன்" என்பவர்களுக்குத் தேசியக் குடும்பநல ஆய்வே (2019–21) பதில். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளானவர்களில் எவரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். அம்மாவிடம் உதவி கேட்டதும் இதில் சேர்த்தி. முக்கால்வாசிப் பேர் வாயே திறக்கவில்லை.

வாய் திறந்து நீதிமன்றம் வரை போனால்? 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது. நீதிமன்ற வாசலில் நின்றவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சட்டம் யார் பக்கம் என்பதற்குக் கடைசியாக ஒன்று: இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 498-ஏ-வுக்கு 85 என்று எண் மாறியது. வன்புணர்ச்சியை வரையறுக்கும் 63-ஆம் பிரிவிலோ, பழைய விதிவிலக்கு கிட்டத்தட்ட அப்படியே: மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால், அவள் சம்மதமில்லாமல் கணவன் உறவு கொள்வது வன்புணர்ச்சி ஆகாது.