தீவுக்காகப் பேசுகிறவர்கள் யார்?

இலங்கைக் கடற்படை படகுகளைச் சிறைபிடிக்கும்போதெல்லாம் இராமேசுவரம் துறைமுகத்தில் அவசரக் கூட்டம் கூடுகிறது, வேலைநிறுத்தம் அறிவிக்கப்படுகிறது, மறுநாள் நாளேடுகள் அதனை மீனவர்களின் முடிவு என எழுதுகின்றன. முடிவெடுத்தவை விசைப்படகு உரிமையாளர்களின் சங்கங்கள். பாம்பன் தீவின் மீனவர் அனைவரும் அவற்றின் உறுப்பினர் அல்லர்.

அச்சங்கங்களின் பணியைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. 2010 ஆகஸ்டில் தமிழக விசைப்படகுப் பிரதிநிதிகள் இலங்கைக்குச் சென்று, வடபகுதி மீனவர்களுடன் நேரில் அமர்ந்து, இழுவைமடியை ஓராண்டுக்குள் கைவிடுவதாக ஒப்புக்கொண்டனர். அரசுகள் செய்யத் தயங்கிய காரியம் அது. ஆயினும் அவ்வாக்கு நிறைவேறவில்லை. மடியைக் கைவிடுவதென்றால் படகில் முடக்கிய முதலைக் கைவிடுவதாகும். உறுப்பினரின் முதலுக்கு எதிராக உறுப்பினரின் சங்கம் எப்படி நிற்கும்? கடன் வாங்கிப் படகு கட்டியவரின் அச்சமும் பொய்யன்று.

இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2018இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. இப்போது படகுகள் நாட்டுடைமையாகின்றன. ஓட்டுநர்களுக்குச் சிறைத்தண்டனையே விதிக்கப்படுகிறது. வலையை எங்கே இறக்குவது என்பதில் கூலிக்கும் பங்குக்கும் செல்லும் தொழிலாளிக்குப் பெரிதாகச் சொல்லில்லை. சிறை மட்டும் அவருக்கு உண்டு. மீட்கவியலாத படகுக்கான நிவாரணம் இலட்சங்களில் உரிமையாளரைச் சேர்கிறது. சிறையிலிருப்பவரின் குடும்பத்துக்கோ சில நூறு ரூபாய் தினப்படி. வேலைநிறுத்த நாள்களில் அதுவும் இல்லை. கடலுக்குப் போகாத கூலியாளுக்கு யார் ஊதியம் தருவது?

தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டு நலவாரியச் சட்டம் தன் பெயரிலேயே மீனவரையும் மீன்பிடித் தொழிலில் ஈடுபடும் தொழிலாளரையும் தனித்தனியே சுட்டுகிறது. சட்டம் கண்ட வேறுபாட்டைப் பேச்சுவார்த்தை மேசை காணவில்லை.

நாட்டுப்படகு மீனவரின் நிலை இன்னும் சிக்கலானது. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையையொட்டிய கடற்பகுதியை அவர்களுக்கே ஒதுக்கியுள்ளது. அந்த எல்லைக்குள் நுழைந்து வலையை அறுத்துச் செல்வது விசைப்படகு. அதன் உரிமையாளர் சங்கமே தீவின் குரல் எனில், வலை இழந்தவர் எவரிடம் முறையிடுவார்? மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுக்கும் பெண்களோ அத்தீவுகளுக்குப் படகில் செல்கின்றனர். 1986இல் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவான பின் அவர்களின் வழக்கு வனத்துறையோடு. டீசல் மானியம் கோரும் மனுவில் அவர்களுக்கு என்ன வேலை?

சாதியும் இங்கே குறுக்கிடுகிறது. 2021ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைத் திருத்தம் இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கடலோரக் கடையரைத் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயரில் சேர்க்காமல் தனியே வைத்தது. அவர்களுள் படகு வாங்கியோரும் உளர். அவர்கள் சங்கத்துக்குள் செல்லலாம். அதே தெருவில் படகற்றவர் வெளியே நிற்கிறார். ஆகவே சாதி பார்த்து ஓரிடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. உழைப்பைப் பார்த்தும் ஒதுக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டங்களின் அழைப்புப் பட்டியலையும் வருகைப் பதிவையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் கேட்கலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த மனுவிலிருந்து தொடங்கலாம்: கடந்த மூன்றாண்டுகளில் அழைக்கப்பட்டவருள் படகில்லாதவர் எத்தனை பேர்?