21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே சிவப்பா?

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. அந்த மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. தாமிரபரணி கரையோர ஊர்கள் தண்ணீரில் நின்றன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் வெளியேற வழியின்றித் தவித்தார்கள்.

அதையடுத்து எழுந்த வாக்குவாதம் பலருக்கு நினைவிருக்கும். முன்கூட்டியே எச்சரித்துவிட்டோம் என்றது ஒன்றிய அரசு. இவ்வளவு பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை என்றது மாநில அரசு. இரண்டிலும் உண்மை இருந்தது. வானிலைத் துறையின் அளவுகோலில் ஒரு நாளில் சுமார் 6.5 செ.மீ. பெய்தால் கனமழை, 11.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 20.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. அதற்கு மேல் படியே கிடையாது. 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் ஒரே சொல்லுக்குள், ஒரே சிவப்பு எச்சரிக்கைக்குள் அடங்கிவிடுகின்றன. அணையின் மதகைத் திறப்பதா, ஊரைக் காலி செய்வதா என்று முடிவெடுக்க வேண்டிய அதிகாரிக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாமே.

அளவை ஏன் சொல்ல முடியவில்லை? பதில், கணினி மாதிரிகள் மேகத்தைப் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. அவை வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை இயற்பியல் சமன்பாடுகளின்படி கணக்கிடுகின்றன. அன்று இந்திய வானிலைத் துறை பயன்படுத்திய முதன்மையான உலகளாவிய மாதிரியின் கட்டம் 12 கி.மீ. அதாவது 144 சதுர கிலோமீட்டருக்கு ஒரே ஒரு மழை எண். சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே அத்தகைய மூன்று கட்டங்கள் அளவுதான். காயல்பட்டினமும் திருச்செந்தூரும் ஒரே கட்டத்தில் விழக்கூடியவை. அவற்றுக்கிடையே இருந்த 26 செ.மீ. வித்தியாசத்தை அந்த மாதிரியால் காட்டவே முடியாது. பெரிய கண் வலையில் நெத்திலி நிற்காது என்பது அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓர் இடிமேகத்தின் அகலம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர்.

கட்டத்துக்குள் அடங்காத மேகத்தை மாதிரிகள் தோராயச் சூத்திரங்களால் ஈடுகட்டுகின்றன. இந்த அளவு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், கட்டத்துக்குள் எங்கோ மேகம் எழுந்து இவ்வளவு மழை தந்திருக்கும் என்று ஊகிப்பதே அந்த முறை. 1974-இல் அரகாவாவும் ஷூபர்ட்டும் வகுத்த சூத்திரம் இதில் புகழ்பெற்றது. உலகம் முழுவதையும் கணக்கிட இது இல்லாமல் முடிந்திருக்காது. ஆனால் இதற்கு ஒரு பழைய வியாதி உண்டு: சாயங்காலம் இடிக்க வேண்டிய மேகம் கணினியில் நண்பகலிலேயே பெய்துவிடும். மழை நாள் முழுக்க மெல்லப் பரவித் தூறும். கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டாது. மூன்று, நான்கு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் இந்தச் சூத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மேகம் எழுவதையும் சரிவதையும் நேரடியாகக் கணக்கிடலாம். 2005-இல் ஜப்பானியர்கள் எர்த் சிமுலேட்டர் கணினியில், நிலமே இல்லாத கற்பனைக் கடல் உலகம் ஒன்றை 3.5 கி.மீ. கட்டத்தில் ஓட்டிக் காட்டினார்கள். இன்று பிரிட்டன் தன் தீவுகளுக்கு 1.5 கி.மீ. கட்டத்தில் அன்றாடம் கணிக்கிறது.

நம் நாடும் நின்றுவிடவில்லை. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கட்டம் 6 கி.மீ. அதை ஓட்டும் ‘அர்கா’ கணினியின் திறன் 11.77 பெட்டாஃபிளாப். உலகளாவிய அன்றாடக் கணிப்பில் இது பெருமைப்படத்தக்க சாதனை. நம் விஞ்ஞானிகளின் பல ஆண்டு உழைப்பு. ஆனால் ஊராட்சி அளவுக்கு மழையைச் சொல்லிவிடலாம் என்று அதையொட்டி எழுந்த பேச்சு எனக்குக் கவலை தருகிறது.

ஏனென்றால், எந்த மாதிரியும் தன் ஒரே ஒரு கட்டத்தின் அளவிலுள்ள ஒன்றைச் சரியாகக் காட்டாது. ஒரு மழைக்கூட்டத்தை உருவாக்கி, வளர்த்து, கலைக்க அதற்கு ஆறேழு கட்டங்களாவது வேண்டும். 6 கி.மீ. கட்டம் என்றால் நம்பக்கூடிய அளவு நாற்பது கிலோமீட்டர் அகலம். அதோடு, 6 கி.மீ. என்பது இத்துறையினர் ‘சாம்பல் மண்டலம்’ என்று சொல்லும் சங்கடமான பகுதி: மேகம் பாதி நேரடியாகத் தெரிகிறது, பாதி சூத்திரத்துக்குள் கிடக்கிறது. ஒரே மேகத்தை இருமுறை கணக்கில் எடுக்கும் ஆபத்து இங்கே உண்டு. இன்னும் கீழே இறங்குவதோ மலையேற்றம். கட்டத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும், கால இடைவெளியும் பாதியாகும். ஆக எட்டு மடங்கு வேலை. ஆறிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குப் போக 216 மடங்கு. உலகம் முழுவதற்கும் அது இப்போதைக்கு எட்டாது. தமிழகக் கடற்கரைக்கு மட்டும், வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களுக்கு மட்டும் என்றால் எட்டும்.

அப்படியே எட்டினாலும் இன்னொரு வாசல் இருக்கிறது. மேகத்துளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அத்தகைய பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. எவ்வளவு சிறிய கட்டமானாலும் இந்தச் சேர்க்கையைச் சூத்திரமாகத்தான் எழுத வேண்டும். 1969-இல் கெஸ்லர் எழுதிய எளிய வடிவத்திலிருந்து இன்றைய சிக்கலான வடிவங்கள் வரை, சூத்திரத்தை மாற்றினால் அதே மேகம் வேறு அளவு மழை தருகிறது. எது நம் வானத்துக்குப் பொருந்தும் என்பதை நம் மேகத்துக்குள் விமானம் செலுத்தி அளந்தால்தான் தெரியும். 2009-இல் தொடங்கிய ‘கெய்பெக்ஸ்’ ஆய்வுப் பறப்புகள் அதைத்தான் செய்தன. வங்கக்கடலின் மழைமேகத்துக்குள் அத்தகைய அளவீடு இன்னும் நிறைய வேண்டும்.

எனக்கு மிகப் பெரிய குறையாகத் தோன்றுவது இதைவிட எளிமையானது: தொடக்க நிலை. கடலின் மேல் இந்த நிமிடம் ஈரம் எங்கே குவிகிறது என்று தெரியாமல் ஒரு கிலோமீட்டர் மாதிரியை ஓட்டினால், தவறான இடத்தில் மிகத் துல்லியமான மேகத்தைக் காட்டும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையைப் பிற்பகலில் திணறடித்த மழையை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. முதலமைச்சர் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது. கரையோரம் ஒரு குறுகிய பட்டையில் எழுந்த மேகம் அது. 2023 வெள்ளத்தின்போது நெல்லை, தூத்துக்குடிக் கரையில் டாப்ளர் ரேடார் இல்லை. பக்கத்தில் இருந்தது திருவனந்தபுரத்தில், நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை. ரேடார் காட்டும் மழையை மணிக்கு மணி மாதிரிக்குள் ஊட்டினால் முதல் ஆறு மணி நேரக் கணிப்பு வெகுவாக மேம்படும். ஒரு வட்டத்துக்குள் எல்லா ஊரிலும் உயிரோடு இயங்கும் தானியங்கி மழைமானிகள் இருந்தால், கணிப்பு சரியா என்றாவது தெரியும். அதிவேகக் கணினி வாங்குவது செய்தியாகிறது. மழைமானியைப் பராமரிப்பது செய்தியாவதில்லை.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தாண்டிவிடும் என்போர் உண்டு. 2023-இல் வந்த கிராஃப்காஸ்ட், பாங்கு போன்றவை புயலின் பாதையை வியக்கத்தக்க விதத்தில் சொல்கின்றன. ஆனால் அவை பயின்ற, ஐரோப்பிய வானிலை மையம் தொகுத்த உலகத் தரவின் கட்டமே சுமார் 31 கி.மீ. காயல்பட்டினம் போன்ற மழை அந்தத் தரவில் மழுங்கிப்போயிருக்கும்.

கணிப்பு வந்த பின் என்ன செய்கிறோம்? 2021 ஜூலையில் ஜெர்மனியில் பெருவெள்ளம். அந்நாட்டு வானிலைத் துறையிடம் 2.2 கி.மீ. கட்டத்தில் ஓடும் மாதிரி இருந்தது, பெருமழை வரும் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஆனாலும் ஆர் பள்ளத்தாக்கில் மக்களை வெளியேற்றும் உத்தரவு இரவு வெகு நேரம் கழித்தே பிறந்தது. அந்நாட்டில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தகவல் இருப்பதும் அது முடிவாக மாறுவதும் வேறு வேறு.

சிறு மேகங்களில் பிழை சில மணி நேரத்தில் பெருகிவிடும் என்று எட்வர்ட் லோரன்ஸ் 1969-லேயே காட்டினார். அதனால் நாளைய மழைக்கு ஒற்றை எண்ணைத் தருவது நேர்மையாகாது. தொடக்க நிலையைச் சிறிது மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டும் கூட்டுக் கணிப்பை, 21 உறுப்புகளோடு, வானிலைத் துறை 2018 முதல் நடத்துகிறது. அவற்றில் மூன்று 50 செ.மீ.யைத் தாண்டுவதாக வைத்துக்கொள்வோம். ‘ஏழில் ஒரு வாய்ப்பு’ என்ற அந்தத் தகவல் ஆட்சியரின் மேசைக்குப் போக வேண்டும். மீனவர் சங்கத்துக்கும் போக வேண்டும். வாய்ப்புக் கணக்கு நம் மக்களுக்குப் புரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். மழையை நம்பி விதைக்கும் விவசாயி ஆண்டுதோறும் செய்வது அதே கணக்கைத்தான்.

ஆகவே வானிலைத் துறைக்கும் தமிழக அரசுக்கும் வேண்டுகோள் மூன்று. அதிகனமழைக்கு மேலே 30, 50 செ.மீ. என்று படிகள் வகுத்து வாய்ப்போடு அறிவியுங்கள். தென்கரைக்கு ரேடாரும் அடர்த்தியான மழைமானி வலையும் தந்து, அந்தத் தரவை ஒரு கிலோமீட்டர் மாதிரிக்குள் ஊட்டுங்கள். ஒவ்வொரு சிவப்பு எச்சரிக்கைக்கும் சொன்னது எவ்வளவு, பெய்தது எவ்வளவு என்று மாவட்டவாரியாகப் பருவமழை முடிவில் வெளியிடுங்கள். மூன்றாவதற்குப் புதிய கணினி எதுவும் தேவையில்லை. இந்த ஆண்டே தொடங்கலாம்.