கடல் தாண்டுவது சுலபம்

ஒவ்வொரு அக்டோபர் மாதமும் கடைசிக்கு முந்தின ஞாயிறு, மறைபரப்பு ஞாயிறு. கோவிலில் தனிக் காணிக்கை எடுப்பார்கள். பிரசங்கத்தில் சாமியார், உங்கள் வசதியான வட்டத்தை விட்டு வெளியே போங்கள் என்பார். 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய "நற்செய்தியின் மகிழ்ச்சி" என்ற மடலிலும் இந்தக் கருத்து இருக்கிறது. நாமும் தலையாட்டிவிட்டு, பையில் ஐம்பதோ நூறோ போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிடுகிறோம். போகவேண்டியவர் வேறு யாரோ, போகவேண்டிய இடம் ஆப்பிரிக்காவோ அசாமோ என்பது நம் எண்ணம். இந்த எண்ணம் சரிதானா என்பதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

எங்கள் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்களுக்கு "மிசியோனேர்" என்ற சொல் புதிதல்ல. ஊரில் மிஷன் வீதி என்றே ஒரு வீதி இருக்கிறது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வெள்ளைக்காரச் சாமியார்களைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர்கள். பாரிசில் ரூய் துய் பாக் என்ற தெருவில் அவர்களுடைய மடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இளம் குருக்களைக் கீழை நாடுகளுக்கு அனுப்பும்போது ஒரு சடங்கு நடக்கும். புறப்படுகிறவர்கள் பீடத்தின் முன் வரிசையாக நிற்க, பெற்றவர்களும் நண்பர்களும் வந்து அவர்கள் பாதங்களை முத்தமிடுவார்கள். அந்தப் பிரிவு வேளைக்கென்று ஒரு பாட்டு. அதற்கு இசை அமைத்தவர் பெரிய இசைமேதை குனோ. போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பப் போவதில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அப்படி வந்தவர்கள் நம் ஊருக்குச் செய்ததை மறக்க முடியாது. மூசே சுவாமியாரும் துப்புய் சுவாமியாரும் சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி தயாரித்தார்கள். முதல் பாகம் 1855-இலும் இரண்டாம் பாகம் 1862-இலும் புதுச்சேரி மிஷன் அச்சகத்திலேயே வெளிவந்தன. அந்தத் துப்புய் சுவாமியார்தான் 1844-இல், பெண் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். வயதுவந்த ஒருவர் அயல்மொழி ஒன்றை அகராதி எழுதும் அளவுக்குக் கற்பது எப்பேர்ப்பட்ட உழைப்பு! மாறுதல் உத்தரவில் மூன்று வருடம் ஏனாமில் வேலை பார்த்து, தெலுங்கில் கடைப் பலகையைப் படிக்கும் அளவுக்கு மட்டுமே தேறியவன் நான். அதனால் அந்த உழைப்பின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் புகழ்மாலையாகிவிடும்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். அந்நாளில் நம் சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், மறு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். தாழ்த்தப்பட்டவர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் இந்தப் பேதம் எதற்கு என்று முறையிட்டார்கள். அவர் நியாயம் என்று ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் சொன்னார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போய் எதிர்த்தார்கள். அந்தக் கோவில் இன்றைக்கு இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது அதுவும் போயிற்று. இப்போது நாம் பூசை காணும் கோவில் 1791-இல் முடிந்தது. கோவில் போனாலும், சுவரைக் கேட்ட மனசு போகவில்லை.

வந்த சாமியார்களில் எத்தனை பேர் அந்த மனசை எதிர்த்தார்கள்? துபுவா சுவாமியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1792-இல் வந்தவர். நம் ஊர் உடை உடுத்தி, நம் சாப்பாட்டைச் சாப்பிட்டு, 31 வருடம் இந்தியாவில் இருந்தார். அம்மை குத்தும் முறையைப் பரப்பினார். ஒரு பிரெஞ்சுக்காரர் இதைவிட வசதியைத் துறக்க முடியாது. ஆனாலும் அவர் எழுதிய புத்தகத்தில், சாதி ஏற்பாட்டை இந்தியச் சட்ட அமைப்பின் தலைசிறந்த படைப்பு என்று பாராட்டியிருக்கிறார். உடையை மாற்றினார், உணவை மாற்றினார். உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கண்ணோட்டத்தை மாத்திரம் அவர் தாண்டவில்லை.

எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. லிஸ்பன் நகரத்து அரண்மனையில் வளர்ந்த அருளானந்தர், பண்டார சுவாமி வேடத்தில் எளிய மக்களிடையே நடந்தார். ஐரோப்பாவுக்குத் திரும்பி அனுப்பப்பட்டபோது, அரசர் அவரை அங்கேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார். அவர் கேட்கவில்லை, 1690-இல் மறுபடியும் கப்பலேறி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். சேத்துப்பட்டு தராஸ் சுவாமியார் 1876 - 78 தாது வருஷப் பஞ்சக் காலத்தில் ஒடுக்கப்பட்டவர்களோடு நின்றவர். இவர்கள் கடலையும் தாண்டினார்கள், தெருவையும் தாண்டினார்கள்.

இரண்டில் எது கடினம் என்று கேட்டால், தெருவைத் தாண்டுவதுதான் என்பேன். விவிலியமே அதற்குச் சாட்சி. கடவுள் நினிவேக்குப் போ என்றதும் யோனா எதிர்த்திசையில் தர்சீசுக்குக் கப்பல் ஏறினார். கடல் பயணத்துக்கு அவர் அஞ்சவில்லை. தனக்குப் பிடிக்காத ஜனங்களிடம் போகத்தான் மனம் வரவில்லை. பேதுரு யாப்பாவிலிருந்து செசரியாவுக்குப் போனது ஒன்றிரண்டு நாள் நடை. ஆனால் கொர்னேலியு வீட்டு வாசற்படியை மிதிக்க அவருக்கு வானத்திலிருந்து ஒரு காட்சியே தேவைப்பட்டது. அதுவும் ஒரு தடவை போதவில்லை, மூன்று தடவை!

நம் கதைக்கு வருவோம். எறையூர் நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள், பெரிய கோவிலில் தங்களுக்குச் சம மரியாதை இல்லை என்று, தங்களுக்கென்று கட்டிய கோவிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் மாதம் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே ஜெபமாலை சொல்கிறவர்கள். அந்த ஊர்க் காலனிக்கும் பெரிய கோவிலுக்கும் நடுவே கடல் இல்லை, மலை இல்லை. 1745-க்கும் 2008-க்கும் இடையில் 263 வருடம்!

"வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவரலாமா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நம் மதத்தவர் அல்ல. அவரே 1745-இல் பார்த்து எழுதிவைத்துவிட்டார். இனி யாரிடம் மறைக்க? இந்து நண்பர்கள் சிலர், மிஷன் என்றாலே மதமாற்றம்தானே என்பார்கள். நான் ஞானஸ்நானக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லுகிறவன் யார் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான் என்பதைப் பற்றிப் பேசுகிறேன். அந்தக் காலச் சாமியார்கள் சாதியை எதிர்த்திருந்தால் கோவிலே காலியாகியிருக்கும் என்பதும் ஒரு வாதம். இருக்கலாம். தங்குவதற்கே கவர்னர் தயவும் ஊர்ப் பெரியவர்கள் தயவும் தேவைப்பட்டவர்கள் அவர்கள். நமக்கு அந்தச் சாக்கு இல்லை. நாம் இந்த மண்ணில் பிறந்தவர்கள். நம்மை யாரும் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப முடியாது.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. பிரான்சில் இருக்கும் என் தம்பி, அவர்கள் பங்குச் சாமியார் தமிழர் என்கிறான். அங்கே குருக்கள் குறைந்துபோய், நம் ஊர்ப் பிள்ளைகள் போய்ப் பூசை வைக்கிறார்கள். சந்தோஷம்தான். பனியைத் தாங்குவார்கள், ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் பழகிக்கொள்வார்கள். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்ப ஆள் கிடைக்கிற நமக்கு, ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவே நடக்க ஏன் ஆள் கிடைப்பதில்லை? இதற்குக் குருப்பட்டம் வேண்டாம், விசா வேண்டாம். செருப்பு இருந்தால் போதும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். பதவி உயர்வு போய்விடும் என்ற பயம் இல்லை. பிள்ளைகளின் கல்யாணத்தையும் முடித்தாயிற்று. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்ச வேண்டிய காலம் கடந்துவிட்டது. பாரிசில் பாதத்தை முத்தமிட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு வயது இருபத்துச் சொச்சம். இழப்பதற்கு முழு வாழ்க்கை இருந்தது. நமக்கு அவ்வளவு இல்லை. காலனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். பேரன் விரும்பிய பெண்ணின் சாதியைக் கேட்காமல் இருக்கலாம். வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நம் பங்குக் கல்லறையில் பக்கம் பிரித்து இன்னும் சுவரோ வேலியோ இருந்தால், மெழுகுவர்த்தி ஏற்றிய கையோடு பங்குப் பேரவையில் எழுந்து, "இது எதற்கு?" என்று கேட்கலாம். 1745-இல் அந்தக் கேள்வியைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களே கேட்க வேண்டியிருந்தது. இந்த முறை முன்னால் உட்கார்ந்திருக்கிற நாம் கேட்போம்.