பாதி மோதிர விரல்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடிப் பக்கம் சி.டி.எச். சாலையில் போனால் டயர் கடை மாடி, பேக்கரி மாடி என்று வரிசையாக ஜிம்கள். நான் போவதும் அப்படி ஒரு மாடிக்குத்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்த பையன்கள் வருவார்கள். போலீஸ் தேர்வுக்குக் கயிறு ஏறிப் பழகும் ஆவடிப் பையன்கள் வருவார்கள். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் விரட்டியதால் வந்து சேர்ந்த என்னைப் போன்ற ஐம்பதைத் தொட்டவர்களும் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு காதில் விழும்.

"மாஸ்டர், பெஞ்ச் போடும்போது கை மரத்துப்போவுது."

"ப்ளட் பாஸ் ஆவல. உதறிட்டு இன்னொரு செட் போடு, சரியாயிடும்."

பையன் பழைய தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கையை நாலு உதறு உதறிவிட்டு மறுபடி பெஞ்சில் படுத்துக்கொள்வான்.

மாஸ்டரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. என் அம்மா சொன்னதும் இதுதான், மெடிக்கல் ஷாப்பில் சொல்வதும் இதுதான். கை மரத்தால் ரத்த ஓட்டம் இல்லை. அங்கிருந்து வைத்தியம் வரிசையாகக் கிளம்பும்: தைலம், உருவிவிடுதல், சலூனில் கழுத்துச் சொடுக்கு, கடைசியில் அந்தச் சிவப்பு ஊசி. இந்த முதல் வாக்கியமே தப்பு என்பதுதான் என் கட்சி.

கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொள்ளாதவர் யார்? இடித்த அந்த நொடியில் சுண்டுவிரல் நுனிவரை சுர்ரென்று ஒரு மின்சாரம் ஓடுமே, அது ரத்தமா? பிரஷர் பார்க்கும் பட்டையை இறுக்கிக் கைக்குப் போகும் ரத்தத்தை முழுக்க நிறுத்தினால்கூட விரல் மரக்கப் பல நிமிடங்கள் ஆகும். முழங்கையில் இடிபட்டது அங்கே எலும்புக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடும் அல்நார் நரம்பு. அதனால்தான் கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பம்ப் ஏறியிருக்கிறது என்று கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிற அதே கையில்தான் ரத்த ஓட்டம் இல்லையாம்! எடை தூக்கும் தசைக்குச் சும்மா இருக்கும்போது போவதைவிடப் பல மடங்கு ரத்தம் போகிறது. அந்த வீக்கத்துக்குத்தானே மாதக் கட்டணம் கட்டுகிறோம்?

என் பெரிய சாட்சி மோதிர விரல். மணிக்கட்டு வழியாக வரும் மீடியன் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் பார்த்துக்கொள்கிறது; கூடவே மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதியையும். மறுபாதியும் சுண்டுவிரலும் அல்நார் நரம்பின் பொறுப்பு. ஒரே விரலுக்கு நடுவில் வரப்புப் போட்டதுபோல் இரண்டு பட்டா. கைக்கு வரும் இரண்டு ரத்தக்குழாய்களோ பெரும்பாலோருக்கு உள்ளங்கையில் வளைவாக ஒன்று சேர்ந்து, அங்கிருந்து எல்லா விரல்களுக்கும் பிரிகின்றன. ரத்தத்துக்குப் பாதி விரல் கணக்குத் தெரியாது. மோதிர விரலின் ஒரு பக்கம் மட்டும் மரத்தால் அது நரம்பின் கையெழுத்து.

ஆகவே கேட்கவேண்டிய முதல் கேள்வி 'எந்த விரல்?' என்பது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை. சுண்டுவிரல் என்றால் முழங்கையைச் சந்தேகிக்கலாம்: முழங்கையை நன்றாக மடக்கும்போது நரம்பு இழுபடுகிறது, அது போகும் பாதையும் குறுகுகிறது. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை என்றால் மணிக்கட்டு. கம்பியை உள்ளங்கை அடியில் தாங்காமல் விரல் பக்கம் வைத்து, மணிக்கட்டைப் பின்னால் மடித்துக்கொண்டு பெஞ்ச் போடுபவர்களைப் பாருங்கள், பாதிப் பேர் அப்படித்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது மட்டும் மரத்தால், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நரம்புக் கற்றை நசுங்கலாம். கழுத்தைத் திருப்பும்போது கூடினால் கழுத்துத் தண்டுவடத் தட்டு. பகல் முழுக்கக் கிரைண்டரைப் பிடித்து அதிர்ந்த கைக்குக் காரணம் ஜிம்மே அல்லாமலும் இருக்கலாம். அம்பத்தூரில் இதைக் கேட்காத வைத்தியம் என்ன வைத்தியம்?

"உதறினா சரியாவுதே சார்?" என்பார்கள். சரியாகும், மறுக்கவில்லை. உதறும்போது மணிக்கட்டின் நிலை மாறுகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, நரம்பு மூச்சு விடுகிறது. நசுங்கும் நரம்புக்குள் ஓடும் நுண்குழாய்களிலும் ரத்தம் தடைப்படுகிறது என்பது உண்மை. அந்த அளவுக்கு அம்மாவுக்கு மதிப்பெண் தரலாம். ஆனால் ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறேன் என்று சொன்னால் டாக்டர் அதை மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்வார். நாம் மருந்து என்று நினைப்பது அவருக்கு அறிகுறி.

சிவப்பு ஊசிக்கு வருவோம். அது சிவப்பாக இருப்பது பி12 வைட்டமினின் இயல்பான நிறத்தால். ரத்தம் ஊறும் என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. பி12 குறைந்தவர்களுக்கு அந்த ஊசி அருமையான மருந்து. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிற என்னைப் போன்றவர்கள் அளவைச் சோதித்துப் பார்க்கவே வேண்டும். ஆனால் அந்தக் குறைபாடு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மரப்புமாகத் தொடங்கும். பெஞ்ச் போடும்போது வலது சுண்டுவிரலுக்கு மட்டும் வந்துவிட்டுப் போகாது. இதில் கொடுமை ஒன்று: கூடவே கலந்து வரும் பி6 நீண்ட நாள் அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும்.

சலூன் சொடுக்கு அதைவிட மோசம். வெடுக்கென்று கழுத்தைத் திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யப் போய்!

ரத்தம் சம்பந்தப்பட்ட மரப்பும் உண்டு, அதுதான் உயிர் போகும் விஷயம். கடுமையாக எடை தூக்கிய பிறகு ஒரு கை மட்டும் வீங்கி, கனத்து, நீலம் பாய்ந்தால் தோள் பக்கத்துச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மரப்போடு வாய் கோணினால், பேச்சு குழறினால், அல்லது நெஞ்சு இறுகி வியர்த்தால் 108. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உதறிப் பார்த்து அதை வீணாக்குபவர்களை என்ன சொல்ல?

வலியைத் தாங்குகிறவனே வீரன் என்று ஜிம் சுவரில் எழுதியிருக்கிறது. பளுதூக்கும் வீரர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் தொடையில் காயத்தோடு கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கவில்லையா என்று கேட்பார்கள். வாங்கினார், 2018இல், 317 கிலோ தூக்கி. 2014இல் கிளாஸ்கோவில் தங்கம் வாங்கியபோது தூக்கியது 328. பதினோரு கிலோ குறைவு. தங்கம் உறுதியானதும் கடைசி முயற்சிக்கு அவர் மேடைக்கே வரவில்லை. எப்போது கம்பியைத் தொடக்கூடாது என்று தெரிந்த மனிதரை நம் ஆட்கள் தப்பாகச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

தவிர, வலி வேறு, மரப்பு வேறு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளோடு பல வருடம் உழைத்தவர். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டுப்பட்டும் தேய்ந்துபோகின்றன என்று எடுத்துக்காட்டினார். தொழுநோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் ஒன்றும் அதே முழங்கை அல்நார்தான். கை மரப்போடு உணர்ச்சியில்லாத வெளிர்ந்த தேமல் இருந்தால் கூச்சப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம், நோய் குணமாகும்.

அறுபட்ட நரம்பு வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். நசுங்கிய நரம்புக்கும் உள்ளிழை அழியும்வரை விட்டுவிட்டால் அதே கணக்குத்தான்; முழங்கையிலிருந்து விரல் நுனிக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தசை வற்றிக் குழி விழுந்தால், எத்தனை செட் போட்டாலும் அது திரும்பாமல் போகலாம்.

நாளை ஜிம்முக்குப் போகும்போது பையில் ஒரு பேனா வைத்துக்கொள்ளுங்கள். கை மரத்ததும் கம்பியை இறக்கிவிட்டு, மரத்த இடத்தைச் சுற்றித் தோலிலேயே கோடு போட்டு ஒரு படம் எடுங்கள். மோதிர விரலில் கோடு எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனமாகப் பாருங்கள். உதறாமல் அந்தப் படத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.